பதினெட்டாவது பீப்பாய்க்கு அப்பால்

எதிரொலி கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஒடில் மொர்வான் வாயில் ஒயினை வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுத்தாள். ருசி பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். காற்று பட்டால் ஒயின் நாக்கின் மேல் விரியும். ஆனால் அவள் செய்யும்போது அது தனிச் சத்தம். சுர்ரென்று தொடங்கி, நடுவில் மூன்று முறை கொளக் கொளக் கொளக்கென்று உருண்டு, மூக்கு வழியாக ஒரு சின்னச் சீறலில் முடியும். இருபது பேர் ருசி பார்க்கும் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது ஒடில்தான் என்று சொல்லிவிடலாம். தரையில் துப்பினாள். கைக்குட்டையால் உதட்டை ஒற்றினாள். அடுத்ததை ஊற்றச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள். அப்போதுதான் நிலவறையின் உள்பக்கத்தில், விளக்கு எட்டாத தூரத்தில், சுர்ரென்று தொடங்கி, மூன்று முறை உருண்டு, சின்னச் சீறலில் அது திரும்பி வந்தது.

எதிரொலி என்றால் உடனே வர வேண்டும். இது யோசித்துவிட்டு வந்ததைப் போலிருந்தது.

"கயெத்தான்" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "போதும். சிரிச்சாச்சு. வெளிய வா."

"அவரு மேல போயிருக்காருங்க மதாம்" என்றான் அன்செல்ம் ரொபிஷோ. பீப்பாயிலிருந்து ஒயினை எடுக்கும் நீளமான கண்ணாடிக் குழல் அவன் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. "கேமராவுக்கு ஏதோ எடுத்தாரணும்னு போனாரு."

ஒடில் நம்பவில்லை. கயெத்தானை அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். ஒன்பது வருடமாக அவளுடைய காரை ஓட்டுகிறான், அவள் புத்தகத்துக்குப் படம் எடுக்கிறான், அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் போலவே உறிஞ்சிக் காட்டி ஊரைச் சிரிக்கவைக்கிறான். போன கிறிஸ்துமஸ் விருந்தில் அவள் கதவைத் திறந்து நுழைந்தபோது, அவன் நாற்காலி மேல் ஏறி நின்று தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைச் செய்துகொண்டிருந்தான். மூன்று உருட்டலும் அச்சு அசலாக. மறுநாளிலிருந்து ஓட்டல்களில் அவனுக்குக் குளியலறை இல்லாத அறையாகப் பார்த்துப் போடச் சொன்னாள்.

"உள்ள வேற வழி இருக்கா?" என்று அன்செல்மைக் கேட்டாள்.

"இல்லீங்க மதாம். வாசல் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா அவன் உள்ளதான் இருக்கான்" என்று முடித்தாள் ஒடில். கோப்பையை மறுபடி நீட்டினாள்.

அவளுடைய அந்த நாளே காலையிலிருந்து இப்படித்தான், சகிக்க முடியாதவர்களின் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு லுவார் ஆற்றங்கரையில் ஒரு மாளிகை. அதன் முதலாளி பாரிஸில் காப்பீட்டுத் தொழில் செய்து அலுத்துப்போய் ஐந்து வருடத்துக்கு முன் திராட்சைத் தோட்டம் வாங்கியவர். சேறு படாத புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தன்னை விவசாயி என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டார். ஒடில் ஆறு ஒயின்களை ருசி பார்த்து ஆறையும் துப்பினாள். "உங்க ஒயின்ல ஒரு குத்தமும் இல்ல முசியே" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. அது முழுசாக மலரும்வரை காத்திருந்துவிட்டு, "பல் டாக்டர் அறை மாதிரி இருக்கு" என்றாள். காரில் ஏறும்போது கயெத்தான் அதை ரசித்துச் சிரித்தான். அவனுடைய சிரிப்பும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அவன் யார்?

இலையுதிர் காலம் தோறும் வெளிவரும் அந்தத் தடித்த மஞ்சள் புத்தகத்தில் ஒரு ஒயினுக்கு ஒடில் எழுதுவது ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. அந்த வரிக்காக ஆண்கள் அழுததை அவள் பார்த்திருக்கிறாள். ரொபிஷோவுக்குப் போன வருடம் அவள் எழுதிய வரி: "நேர்மையான ஒயின், நனைந்த நாயும் நேர்மையானதுதான்." அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் அவனை நாய் என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டபோது, தன் நடை இன்னும் மழுங்கவில்லை என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

பதினொரு மணிக்கு ரொபிஷோவின் தோட்டத்து வாசலில் கார் நின்றபோது அன்செல்மின் மனைவி லெயோனிதான் வந்து கதவைத் திறந்தாள். கை நிறையப் பன்றிக் கொழுப்பின் மினுமினுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு இறைச்சியை வதக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள்.

"வாங்க மதாம்" என்றாள். "நாய் உள்ளதான் இருக்கு. இன்னிக்கு நனையல."

கயெத்தான் சிரிப்பை இருமலாக்கி மறைத்தான். ஒடில் அவளை மேலும் கீழும் பார்த்தாள். குள்ளமான, கழுத்தில்லாத பெண்பிள்ளை. பதில் சொல்லி அவளுக்கு மரியாதை செய்ய வேண்டாம் என்று தோன்றியது.

நிலவறை, வீட்டுக்குப் பின்னால் குன்றின் வயிற்றில் இருந்தது. மாளிகைகள் கட்ட ஒரு காலத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துக்கொண்டே போன சுரங்கம். கல் போதும் என்றானதும் பீப்பாய்களை உருட்டிவிட்டார்கள். வெளியே ஏப்ரல் வெயில். உள்ளே நாலடி வைத்ததுமே குளிர் கணுக்காலைப் பிடித்தது. இரண்டு பக்கமும் பீப்பாய்கள், தலைக்கு மேல் ஒரே கம்பியில் தொங்கும் மஞ்சள் பல்புகள், பதினெட்டாவது பீப்பாயோடு பல்பும் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் இருட்டு. சுவரெல்லாம் பூஞ்சை. ஒயின் ஆவியைக் குடித்தே வளர்கிற கறுப்புப் பூஞ்சை, ஆட்டுத்தோலை உரித்து ஒட்டினதைப் போல மெத்தென்று, இடுக்கு விடாமல், கூரைவரை. பழைய நிலவறைகள் எல்லாவற்றிலும் இருப்பதுதான். இங்கே மட்டும் ஒரு கையகலம் கனமாக இருந்தது. ஈரமண், பழைய மரம், வெட்டிய காளான், அதன் அடியில் லேசாக வேறொன்று. தூங்கி எழுந்தவன் பக்கத்தில் நின்று பேசினால் வருகிற வாடை. ஒடில் மூக்கைச் சுளித்தாள். அன்செல்மின் வாய்தான் என்று நினைத்தாள்.

வாசலருகே அவன் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தான்.

"துப்புறதுக்கு இதுங்க மதாம்."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுற வாளியா?"

"கழுவி வச்சிருக்கேன். தரையில மட்டும் வேணாமுங்க. இங்க நாங்க தரையில துப்புறதில்ல."

நாற்பது வருடமாக ராஜாக்களின் நிலவறைகளில் தரையில் துப்பியவள் அவள். முதல் ஒயினை ருசி பார்த்து, அவன் பார்க்கப் பார்க்க, களிமண் தரையில் துப்பினாள். சிவப்பில்லாத, வைக்கோல் நிறத்து ஒயின். தரை நடுவே கல்லில் ஒரு பள்ளமான கோடு வெட்டியிருந்தது. சுரங்கம் தோண்டிய காலத்தில் தண்ணீர் வடிய வெட்டியதாக இருக்கும். அவள் துப்பியது அதில் இறங்கி, ஒரு கணம் தயங்கி, உள்பக்கமாக ஓடியது. வாசல் பக்கம் வராமல் குன்றுக்குள்ளே வடிகிற சாக்கடை. இவர்களுக்கு அதைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை.

பீப்பாய்களின் முகத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டிருந்தது. சிலவற்றில் வட்டம். சிலவற்றில் ஒற்றைக் கோடு.

"இது என்ன?"

"வட்டம் போட்டது புட்டியில அடைக்கிறது. கோடு போட்டது வினிகருக்கு."

"யார் பார்த்துச் சொல்றது? உன் பெண்டாட்டியா?"

அன்செல்ம் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். அவன் வெட்கப்படுகிறான் என்று ஒடிலுக்குப் புரியச் சிறிது நேரமானது.

"உள்ள வச்சுப் பாக்குறதுங்க மதாம்."

"எதை?"

"கோப்பையை. கடைசியில ஒரு மாடம் இருக்கு. வசந்தத்துல ஒவ்வொரு பீப்பாயிலேர்ந்தும் ஒரு கோப்பை எடுத்துட்டுப் போயி அங்க வச்சிட்டு வந்துடுவோம். மறுநா போவோம். காலியா இருந்தா அந்தப் பீப்பா தேறிச்சு. வச்சது வச்சபடி இருந்தா தேறல."

ஒடில் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம். "எலியை வச்சு ஒயின் பண்றீங்க."

"எலி குடிச்சா கோப்பையைத் துடைச்சு வைக்காதுங்க."

"நின்னு பாத்திருக்கியா?"

"இல்லீங்க. எங்க வீட்டுல யாரும் நின்னு பாத்ததில்ல. எதுக்குப் பாக்கணும்? அது வேலையை அது செய்யுது."

"போன வருஷம் எனக்குக் குடுத்தியே, நாய். அதுவும் அங்க தேறினதுதானா?"

அவன் முகம் மாறியது. "இல்லீங்க மதாம். அந்த ஒண்ணை நாங்க உள்ள வைக்கல. ஆலங்கட்டி விழுந்த வருஷம். எல்லாத்தையும் வினிகருக்குன்னு சொல்லிடுமோன்னு பயந்து வைக்காம விட்டுட்டோம்."

ஆக, காளான் மணக்கிற ஒரு பொந்தின் தீர்ப்பும் அவளுடைய தீர்ப்பும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இவன் சொல்ல வருகிறான். அவளுக்கு முகம் சூடேறியது. "இந்த வருஷம் அது காலி பண்ணினதை ஊத்து" என்றாள்.

ஊற்றினான். மூன்றாவது பீப்பாய், வட்டக் குறி. கயெத்தான் ஃப்ளாஷ் போட்டு இரண்டு படம் எடுத்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை, காரிலிருந்து ஏதோ எடுத்து வர வேண்டும் என்று முணுமுணுத்தபடி போனான். ஒடில் ஒயினை வாயில் விட்டாள்.

அது அபாரமாக இருந்தது. சீமைமாதுளை, மழைக்குப் பிந்திய கல், தேனடையின் மெழுகு, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து, போகவே மனமில்லாமல் நின்றன. நாற்பது வருடத்தில் இப்படி ஒன்றை ஐந்தாறு தடவை ருசித்திருப்பாள். அதை இந்தத் தொப்பிக்காரன் செய்திருக்கிறான். கோப்பையைக் கொண்டுபோய் இருட்டில் வைத்துவிட்டுச் செய்திருக்கிறான். அவள் காற்றை உறிஞ்சினாள், மூன்று முறை உருட்டினாள், சீறினாள், துப்பினாள். அப்போதுதான் அது திரும்பி வந்தது.

வாசல் ஒன்றுதான் என்று அன்செல்ம் சொன்னான். அவள் மறுபடி கோப்பையை நீட்டினாள். அவன் ஊற்றவில்லை.

"இனிமே முழுங்கிடுங்க மதாம்" என்றான். குரல் இறங்கிவிட்டது. அவன் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வாய்தானே. இல்லாட்டி வாளியில துப்புங்க. பீப்பாயிலேர்ந்து எடுத்ததைத்தான் அதுக்குக் குடுத்திருக்கோம். இன்னொருத்தர் வாயில இருந்தது அதுக்குப் பழக்கமில்ல."

"எனக்கும் முழுங்கிப் பழக்கமில்ல." அவனிடமிருந்து குழலைப் பிடுங்கித் தானே கோப்பையில் விட்டுக்கொண்டாள். வேண்டுமென்றே நிதானமாக, முழுச் சத்தத்தோடு உருட்டி, கல் கோட்டுக்கு நேராகக் குனிந்து துப்பினாள். வைக்கோல் நிறம் ஓடி இருட்டுக்குள் போனது.

இருவரும் காத்திருந்தார்கள். எங்கோ ஒரு பீப்பாயின் பலகை முறுக்கிக்கொண்டது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

சுர்ர். கொளக். கொளக். கொளக். சீறல்.

முன்னைவிடக் கிட்டத்தில்.

அன்செல்ம் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, ஓடவில்லை. முரட்டு விரல்களால் தன் மேல்சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டான், மழை வரப்போவதைப் போல. "மேல போயிடலாம் மதாம். சாப்பாடு ஆயிருக்கும். லெயோனி கூப்பிடுவா."

"நீ போ. போய் அந்தக் குரங்கு கார்கிட்ட இருக்கானா பாரு. இருந்தா கூட்டிட்டு வந்து என் எதிர்ல நிறுத்து. அவன் மேல இருந்தான்னா, இந்தப் பீப்பாய்க்கு நான் முழு மார்க் போடறேன். எழுதி வச்சுக்கோ."

அவன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமும் ஆசையும் கலந்திருந்தன. ஆசைதான் கூட என்பதை அவள் கவனித்தாள், அதற்காக அவனை இன்னும் இகழ்ந்தாள். முழு மார்க் என்றதும் பேயாவது பிசாசாவது.

"பல்பு இருக்கிற இடத்தைத் தாண்டாதீங்க" என்றான். அவன் பூட்ஸ் சத்தம் வாசல்வரை போனது. கதவு திறந்து வெயில் ஒரு சதுரமாக விழுந்தது. கதவு மூடியது.

ஒடில் தனியாக நின்றாள். இந்த ஒயினைப் பற்றி என்ன எழுதுவது என்று யோசித்தாள். நன்றாக இருக்கிறது என்று எழுத முடியாது. போன வருடத்து வரி பொய்யாகிவிடும். சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, பொத்தானை அழுத்தி, வாயருகே வைத்துச் சொன்னாள்: "ரொபிஷோ. நாய் குளித்துவிட்டு வந்திருக்கிறது. பாராட்டலாம், தொடத்தான் மனம் வரவில்லை." நன்றாக வந்திருந்தது. கருவியை அணைத்தாள்.

"ரொபிஷோ" என்றது இருட்டு.

அவளுடைய குரல். அவளுடைய நிறுத்தம். "நாய் குளித்துவிட்டு வந்திருக்கிறது."

கயெத்தான் அவள் பேச்சைப் பதிவு செய்து திருப்பிப் போடுகிறான். ஒன்பது வருடச் சம்பளத்துக்கு இதுதான் நன்றி. கோட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கைப்பேசியின் வெளிச்சத்தை எரியவிட்டு, பதினெட்டாவது பீப்பாயைத் தாண்டி நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்து, இந்தக் குன்றிலிருந்து பாரிஸ்வரை அவனை நடக்கவிடுவதென்று தீர்மானித்திருந்தாள்.

"பாராட்டலாம்" என்றது குரல், உள்ளே இன்னும் தள்ளி.

தரை சரிந்துகொண்டே போனது. சுவர்கள் நெருங்கின. இங்கே பூஞ்சை இரண்டு மடங்கு கனம். கை பட்டபோது மணிக்கட்டுவரை உள்ளே போனது, அடியில் கல் தட்டுப்படவில்லை. அவள் காலடிச் சத்தத்தைப் பூஞ்சை விழுங்கியது, மூச்சின் சத்தத்தை விழுங்கியது. எங்கோ கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் விட்டுப்போயிருந்தது. நிலவறை உள்ளே போகப் போகக் குளிர வேண்டும், இது வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. அந்த வாடையும் கூடவே வந்தது. தூங்கி எழுந்த வாய். அன்செல்ம் இங்கே இல்லை.

"தொடத்தான் மனம் வரவில்லை."

"உன் வேலை போச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். "கேட்டுச்சா? போச்சு."

கோட்டுப் பையில் கைவிட்டாள். விரல்களில் ஒலிப்பதிவுக் கருவி பட்டது.

நின்றாள்.

அந்த வரியை அவள் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லும்போது அருகில் யாரும் இல்லை. சொன்னது இந்தக் கருவிக்குள் இருக்கிறது. இது அவள் பையில் இருக்கிறது.

வெகுதூரத்தில், முதுகுக்குப் பின்னால், கதவு கிறீச்சிட்டது. கயெத்தானின் குரல், சலிப்போடு, வெளிக்காற்றின் தெளிவோடு வந்தது. "மதாம்? நான் கார்கிட்டதான் இருந்தேன். இந்த ஆளு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. என்னங்க ஆச்சு?"

அவள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பத்தான் நினைத்தாள். ஆனால் கைப்பேசி வெளிச்சம் முன்னால் விழுந்திருந்தது, அங்கே சுரங்கம் முடிந்திருந்தது.

கல்லில் குடைந்த ஒரு மாடம். அதில் ஒரு கோப்பை, பளபளவென்று துடைத்தபடி, காலியாக. அதன் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு மெத்தை. மெத்தையில், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், ஒரு துளை. முஷ்டியளவு. அதைச் சுற்றிப் பூஞ்சை இல்லை. வெள்ளைக்கல் வழவழவென்று தேய்ந்து, ஈரமாக இருந்தது. கல் கோடு தரையிலிருந்து ஏறி அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஏறி. தண்ணீர் மேலே ஏறுமா.

அவள் துப்பியவை அனைத்தும் கோட்டில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தன.

துளை சுருங்கியது. குவிந்தது.

சுர்ர்.

அவள் கன்னத்துக் காற்று அதை நோக்கிப் போனது. முடி ஒன்று நெற்றியிலிருந்து விலகி முன்னால் நீண்டது.

கொளக். கொளக். கொளக்.

பிறகு அது துப்பியது. அவள் முகத்தில்.

நாற்பது வருடப் பழக்கம், பயத்திலும் நாக்கு தானாக ருசி பார்த்தது. சீமைமாதுளை இல்லை, தேன் இல்லை. அவளுடைய காலைக் காப்பி. அவளுடைய பற்பசை. கடைவாயில் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் சொத்தைப் பல்லின் கசப்பு. அது ஒயினைக் குடித்துவிட்டு, அவளை மட்டும் பிரித்துத் துப்பியிருந்தது. துப்பியது சூடாக இருந்தது. பன்னிரண்டு டிகிரி நிலவறையில், உடம்புச் சூடு.

அவள் ஓடத் திரும்பினாள். வெளிச்சம் பக்கச் சுவரில் அடித்தது. பூஞ்சையில் ஒரு ஈரப் புள்ளி. விரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எதிர்ச் சுவரில் மூன்று. இடுப்பு உயரத்தில், முழங்கால் உயரத்தில், கூரையில். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே, சுரங்கம் நெடுக, கறுப்பு மெத்தை வாய் வாயாகத் திறந்துகொண்டே போனது. எல்லாம் குவிந்தன. எல்லாம் ஒன்றாக உள்ளே இழுத்தன. அவள் கோட்டு இரண்டு பக்கமும் விரிந்து நின்றது. நெஞ்சிலிருந்த மூச்சு அவளைக் கேட்காமலே புறப்பட்டுப் போனது.

கைப்பேசி விழுந்தது. வெளிச்சம் மண்ணுக்குள் கவிழ்ந்தது.

"மதாம்?" கயெத்தானின் குரல், பல்புகளுக்கு அடியிலிருந்து. "எங்க இருக்கீங்க?"

பின்னால் அன்செல்ம் ஏதோ கெஞ்சுவது கேட்டது. போகாதீங்க முசியே, கேளுங்க, போகாதீங்க.

வராதே என்று ஒடில் கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டை அசைந்தது. வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது. சத்தம் வரவில்லை.

சத்தம் மாடத்திலிருந்து வந்தது. அவள் குரலில், அலட்சியமாக, ஒன்பது வருடமாக அவனைக் கூப்பிடுகிற அதே தொனியில்.

"இங்கதான் இருக்கேன், மரமண்டை. கேமராவை எடுத்துட்டு உள்ள வா. எவ்வளவு நேரம் காக்கவைப்ப?"

"இதோ வரேன்" என்று கயெத்தான் பெருமூச்சு விட்டான். அன்செல்மிடம் மெதுவாகச் சொன்னான்: "விடுங்க முசியே. போகலைன்னா எனக்கு இன்னிக்கு ராத்திரி ரூம் கிடைக்காது."

அவன் பூட்ஸ் சத்தம் பதினெட்டாவது பீப்பாயைக் கடந்தது. பிறகு பூஞ்சை அதை விழுங்கியது. ஃப்ளாஷ் ஒருமுறை வெட்டியது, தூரத்தில். இன்னொருமுறை, கிட்டத்தில். அந்த வெள்ளை வெட்டில் சுவரிலிருந்த வாய்கள் எல்லாம் மூடி, சமத்தாக, வெறும் கறுப்பு மெத்தையாக இருந்தன.

ஒடில் அவனைத் தடுக்கக் கையைத் தூக்கினாள். கை முதலில் தன் முகத்துக்குத்தான் போனது. வாயைத் திறந்துகொள்ளலாம் என்பதைப் போல. விரல்கள் மூக்கைத் தொட்டன. மூக்குக்குக் கீழே இறங்கின. தேடின. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், தாடைவரை, மறுபடி மேலே.

மூக்கிலிருந்து தாடைவரை ஒரே மெத்தென்று, ஈரமாக, ஆட்டுத்தோலைப் போல இருந்தது.